மரபணு தலைவிதியல்ல

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு, குற்றத்தடுப்பில் அக்கறையுள்ளோர் மறக்கக்கூடாதது. மூளையில் செரோட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்ஏஓஏ என்னும் நொதி எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை, அதற்குரிய மரபணுவின் செயலைக் கூட்டியும் குறைத்தும் நெறிப்படுத்தும் டி.என்.ஏ. பகுதியான ‘ஊக்கி’யின் நீளம் பாதிக்கிறது. இந்நொதி குறைந்த ஆண்கள் சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகியிருந்தால் அவர்களிடம் வன்முறை மிகுந்தது. கொடுமையின்றி வளர்ந்தோரிடம் அவ்வாறு மிகவில்லை. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை ஒரேபோல் உறுதிசெய்யவில்லை. ஆதலால், மரபணுவைக் காட்டி எவரையும் பிறவிக் குற்றவாளியென முத்திரை குத்துவது அறிவியலுமன்று, அறமுமன்று; அரசுகள் முதலில் குழந்தைகளை அடி உதையிலிருந்து காக்கட்டும்.