பாம்புக்கும் மாலைக்கும் ஒரே பெயர்



படிவம் ஒன்றில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்தாள். அதில் ஒரு சீமாட்டி ‘போவா’வைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விருந்துக்குப் போனாள் என்று வந்தது. அகராதியைப் புரட்டினாள். ‘பெரிய பாம்பு’ என்று போட்டிருந்தது. பிள்ளை திகைத்துவிட்டாள். “பாம்பைப் போட்டுக்கொண்டா வெள்ளைக்காரி விருந்துக்குப் போவாள்?” என்று கேட்டாள்.

அகராதியும் பொய் சொல்லவில்லை; கதையும் பொய் சொல்லவில்லை. ‘போவா’ என்பது முதலில் பாம்பின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் மென்மயிரிலும் தீக்கோழி இறகிலும் நீண்ட உருண்டை மாலை செய்து, கழுத்தில் சுற்றித் தொங்கவிட்டார்கள். தோளில் நெளிந்து கிடந்த அதன் தோற்றத்தைப் பார்த்து, அதற்கும் ‘போவா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் மேடை ஆட்டக்காரிகள் கழுத்தில் அந்த இறகு மாலையைப் பார்க்கலாம்.

நமக்கு இதில் வியப்பில்லை. பாம்பையே அணியாகப் பூண்ட சிவபெருமானை நாகாபரணன் என்று சொல்கிறவர்கள் அல்லவா நாம்!

சரி, பாம்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கேதான் நம் மாட்டுக் கொட்டகைக் கதை வருகிறது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, தம் நூலில் ‘போவா’ என்னும் பெரும் பாம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பசுவின் பாலைக் குடித்து வளர்வதால் அந்தப் பெயர் வந்தது என்பது அவர் கருத்து. இலத்தீன் மொழியில் மாட்டுக்கு ‘போஸ்’ என்று பெயர். 1758-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அந்தப் பழைய பெயரை எடுத்து, அமெரிக்கக் கண்டத்துப் பெரும் பாம்புக்குச் சூட்டினார்.

பார்த்தீர்களா? “சாரை வந்து மாட்டில் பால் குடிக்கிறது” என்று நம் பாட்டிமார் சொன்னதை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஊரார் சொன்னாலும் தவறு தவறுதான். பாம்புக்கு உறிஞ்சிக் குடிக்க ஏற்ற உதடு இல்லை. பற்களோ பின்னோக்கி வளைந்த ஊசிகள். காம்பில் பட்டால் மாடு சும்மா நிற்குமா?

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் லயத்தில் ஓர் அம்மா இரண்டு மாடு வைத்திருந்தார். பால் விற்ற காசில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடந்தது. ஒரு மாட்டுக்குப் பால் குறைந்தது, காம்பு சிவந்திருந்தது. “சாரையின் வேலை” என்றார்கள் அக்கம்பக்கத்தார். விடியலில் காவலிருந்து, எலி தேடி வந்த ஒரு சாரையை அடித்தும் போட்டார்கள். பால் கூடவில்லை. மாட்டு வைத்தியர் வந்து பார்த்தபோது மடி கல்லாக இறுகிக் கிடந்தது. அது மடிநோய். “முதல் வாரமே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்” என்றார். மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மா அழுத அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, மாடு வைத்திருப்போர் இதை மனத்தில் கொள்ளுங்கள். பால் குறைந்தாலோ, திரிந்து கட்டியாக வந்தாலோ, மடி வீங்கிச் சூடாக இருந்தாலோ, பாம்பைத் தேடாதீர்கள். மாட்டு வைத்தியரைத் தேடுங்கள்.

இன்னொன்று. நம் செம்பனைக் காட்டில் வரும் மலைப்பாம்பு, ‘போவா’ அன்று. மலாய்க்காரர்கள் ‘உலார் சாவா’ என்பார்கள், ஆங்கிலத்தில் ‘பைத்தான்’. இது முட்டையிட்டு, அதைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும். அமெரிக்கப் போவாவோ குட்டி போடும். இரண்டுக்கும் நஞ்சு இல்லை. இரையை இறுக்கியே கொல்லும். மூச்சை அடைத்துக் கொல்கிறது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். போவாவின் இறுக்கத்தில் இரையின் இரத்த ஓட்டமே விரைவில் தடைப்படுகிறது என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

நஞ்சில்லை என்பதற்காக அதனிடம் விளையாட வேண்டாம். கோழிக் கூண்டில் மலைப்பாம்பைக் கண்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, மலேசியாவில் 999 எண்ணை அழையுங்கள். தீயணைப்புப் படையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து பிடித்துப் போவார்கள்.

பிள்ளைகளே, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அகராதியில் முதல் வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள். பெரியவர்களே, கேள்விப்பட்ட முதல் காரணத்தோடு நாமும் நின்றுவிட வேண்டாம். அந்த அம்மாவின் மாடு நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம் அதுதான்.