பெரிய பாட்டரி மேல் பழி வேண்டாம்



திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் முன்னால் இருக்கிறது. அவருடைய கணவர் ரியாத்தில் பணிபுரிகிறார். 2016 ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் ஹைபிரிட் கார் ஒன்று வீட்டு வாசலில் நிற்கிறது. கணவர் விடுமுறையில் வரும்போதுதான் அது நன்றாக ஓடும். மற்ற நாட்களில் அவருடைய கொழுந்தன் மாதம் இரண்டு மூன்று முறை எடுத்து நாகல்நகர் வரை சென்று திரும்புவார். சென்ற மாதம் மாமியாரை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, பஜ்ருத் தொழுகை முடிந்து எல்லோரும் ஏறி அமர்ந்த பிறகு, கார் கிளம்ப மறுத்துவிட்டது. சாவியைத் திருகினால் 'டிக், டிக்' என்ற ஓசை. மீட்டர் பலகை விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. வாடகைக் கார் பிடித்துத்தான் போயிருக்கிறார்கள்.

அன்று மாலை வந்து பார்த்த பழுதுநீக்குபவர், பானட்டைத் திறந்து மூடிவிட்டு, "ஹைபிரிட் பாட்டரி போய்விட்டதம்மா. மாற்ற ஒரு லட்சத்துக்குக் குறையாது. வண்டியைத் தள்ளிவிடுவதே மேல்" என்றாராம். மறுநாளே ஒரு தரகர் வந்து அடிமாட்டு விலை கேட்டிருக்கிறார். "கொடுத்துவிடு என்று அவர் போனில் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்வது?" என்று கேட்டு மடலை முடித்திருக்கிறார்.

கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. நீங்கள் குறிப்பிட்டுள்ள வகைக் காரில், அவர் சொன்ன லட்ச ரூபாய் பாட்டரியே கிடையாது.

ஹைபிரிட் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட வாகனங்கள் நம் நாட்டில் விற்பனையாயின. முதல் வகை முழு ஹைபிரிட். 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் இதற்கு முன்னோடி. இந்தியாவுக்கு அது 2010 இல் வந்தது. 2022 இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஆகியவையும் இவ்வகையே. இவற்றில் உயர் அழுத்த மின்கலத் தொகுதி ஒன்று உண்டு. காரை மின்சாரத்தால் மட்டுமே சிறிது தூரம் ஓட்ட அதனால் முடியும்.

இரண்டாவது வகை மென் ஹைபிரிட். 2015 இல் மாருதி நிறுவனம் சியாஸ், எர்டிகா ஆகிய டீசல் கார்களில் எஸ்.எச்.வி.எஸ். என்ற பெயரில் கொண்டுவந்தது இதுதான். இதில் மின்சாரம் காரை ஓட்டுவதில்லை. ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில், மின்சாரம் உண்டாக்கவும் எஞ்சினைச் சுழற்றவும் வல்ல ஓர் இயந்திரம் பெல்ட்டின் வழியே இணைக்கப்பட்டிருக்கும். போக்குவரத்து விளக்கில் எஞ்சின் தானே அணைவதும், கிளட்சை மிதித்ததும் தானே எழுவதும் அதனால்தான். அந்த டீசல் கார்களில் இருந்தது சற்று வலுவூட்டப்பட்ட 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி ஒன்றே. 2018 இல் வந்த பெட்ரோல் மாதிரிகளில்தான் இதனுடன் ஒரு சிறு லித்தியம் பாட்டரியும் சேர்க்கப்பட்டது. மின்சாரத்தின் பங்கு இவ்வளவு சிறியது என்பதால், மென் ஹைபிரிட்டுகளுக்கு அளித்துவந்த மானியத்தை மத்திய அரசு 2017 ஏப்ரல் முதல் நிறுத்திக்கொண்டது. காரின் பின்புறம் ஒட்டிய 'ஹைபிரிட்' என்ற எழுத்து மட்டும் நின்றுவிட்டது. இன்று சகோதரியை அச்சுறுத்தியதும் அந்த எழுத்துதான்!

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூட்டு திறக்கவில்லை என்றால் நம் ஊர் ஆசாரி முதலில் சம்மட்டியை எடுக்க மாட்டார். சாவியைத் துடைத்துப் பார்ப்பார். காருக்கும் அதே வரிசைதான். கார் எழுப்பும் ஓசையே பாதி நோயைச் சொல்லிவிடும்.

விளக்குகள் மங்கி, 'டிக் டிக்' என்று தொடர்ந்து கேட்டால், பாட்டரியில் மின்சாரம் இல்லை, அல்லது அதன் முனைகளில் இணைப்பு சரியில்லை. விளக்குகள் பிரகாசமாக எரிய, ஒரே ஒரு 'டக்' ஓசையுடன் நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். விளக்குகள் பிரகாசமாக இருந்தும் எந்த ஓசையும் இல்லையென்றால், கிளட்ச் முழுதும் மிதிபட்டதா என்று பாருங்கள். பிறகு சாவி. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவிக்குள் இருக்கும் காசு வடிவ பாட்டரி தீர்ந்திருக்கலாம். அப்போது சாவியையே பொத்தானின் அருகில் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஏற்றுக்கொள்ளும். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பாட்டரியை விட்டுவிட்டு டீசல் வரும் வழியை ஆராய வேண்டும்.

சகோதரியின் கார் முதலாவது இனம். எனவே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். கார் ஓர் இரவு நின்ற பிறகு, 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பாட்டரியின் கூட்டலிலும் கறுப்பைக் கழித்தலிலும் வையுங்கள். 12.6 இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12 க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. அடுத்து, ஒருவர் சாவியைத் திருகும்போது மற்றவர் எண்ணைப் பார்க்க வேண்டும். அது 9.6 க்குக் கீழே சரிந்தால் பாட்டரி சார்ஜ் இழந்திருக்கிறது, அல்லது முதுமை அடைந்திருக்கிறது. சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பிறகும் அப்படியே சரிந்தால், அது முதுமைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாதாரணக் காரில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். மென் ஹைபிரிட்டில் அந்த எண் ஏறி இறங்கும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் வரும்போதும் அதிகமாகவும், மற்ற நேரம் குறைவாகவும் மின்சாரம் உண்டாக்குவதே அதன் இயல்பு. ஒரு நொடி 12.8 கண்டுவிட்டு "ஆல்டர்னேட்டர் போயிற்று" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இன்னொரு துப்பும் உண்டு. இவ்வகைக் கார்களில் காலையில் முதன்முறை எழுப்புவது பெரும்பாலும் பழைய பாணி ஸ்டார்ட்டர் மோட்டார். சாலையில் அணைந்து மீண்டும் எழுப்புவது அந்த பெல்ட் இயந்திரம். முதலாவது மட்டும் தகராறு செய்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். இரண்டாவது மட்டும் என்றால் பெல்ட்டின் பக்கம். விளக்கு நிறுத்தத்தில் எஞ்சின் தானே அணைவதை எப்போது முதல் நிறுத்திக்கொண்டது என்று உங்கள் கொழுந்தனிடம் கேளுங்கள். பாட்டரி தளரும்போது கணினி முதலில் அந்தச் சலுகையைத்தான் பறித்துவிடும். பல மாதங்களுக்கு முன்பே கார் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும்.

பாட்டரி ஏன் தளர்ந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுத்திவைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கணினி ஆகியவை சிறிது மின்சாரம் பருகிக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது முறை. பிறகு பொருத்திய காமிரா, ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றால் அது 100 ஆனால், ஒரு நாளில் 2.4 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டே வாரத்தில் வறண்டுவிடும். நாகல்நகர் வரை போய்வரும் பத்து நிமிட ஓட்டம் அதை ஈடுகட்டாது. வறண்ட நிலையில் நின்ற பாட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, மீண்டும் சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு வராது. நம் சமவெளியின் சித்திரை வெயில் வேறு. இங்கே ஒரு பாட்டரி நான்கு ஆண்டுகள் உழைத்தாலே பெரிது.

வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளின் வாசல்களில் இப்படி நிற்கும் கார்கள் எத்தனை! வாரம் ஒருமுறை செம்பட்டி வரை ஓட்டிவாருங்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பதால் பயனில்லை. ஓட்ட ஆளில்லை என்றால், பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிடலாம். மீண்டும் மாட்டும்போது கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவே. முனைகளில் வெண்பச்சைத் தூள் படிந்திருந்தால், முனைகளைக் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவித் துடைக்கலாம். எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். புதிய பாட்டரி வாங்கும்போது, அடிக்கடி நின்று எழும் கார்களுக்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று சாதாரண பாட்டரியை மாட்டினால் விரைவில் கெட்டுவிடும்.

முழு ஹைபிரிட் வைத்திருப்போருக்கும் சில சொற்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே காத்தான்குடியிலும் கல்முனையிலும் கொழும்பிலும் நம் சகோதரர்கள் பழைய பிரியஸ், அக்குவா கார்களைப் பேணித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் கார்களிலும் முதற்சந்தேகம் 12 வோல்ட் சிறு பாட்டரியின் மேல்தான் விழ வேண்டும். அவற்றில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பாட்டரி என்பது உண்மை. ஆனால் கணினியை விழிக்கச் செய்து, பெரிய பாட்டரியின் ரிலேக்களை மூடுவது சிறியதே. வாயிற்காவலன் உறங்கினால் அரண்மனைக் கதவு திறக்காது. மீட்டர் பலகையில் 'ரெடி' விளக்கு எரியவில்லை என்றால் முதலில் அந்தச் சிறிய பாட்டரியை அளந்து பாருங்கள்.

பெரிய தொகுதியே தளர்வதும் உண்டு. இரண்டாம் தலைமுறை பிரியஸில் 7.2 வோல்ட் கொண்ட 28 பகுதிகள் சேர்ந்து 201.6 வோல்ட் ஆகின்றன. பின் இருக்கையை ஒட்டிய காற்றுத் துவாரத்தைத் தூசும் துணியும் அடைத்தால் தொகுதி சூடேறிச் சீக்கிரம் கெடும். அதைத் துடைத்து வைக்கச் செலவே இல்லை. ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தருவோரிடம், அதே வயதுள்ள மற்ற 27 க்கும் என்ன உத்தரவாதம் என்று கேளுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் வீட்டார் எவரும் தொடவே கூடாது. உயிரைப் பறிக்கும் அழுத்தம் அது. பயிற்சி பெற்றவரே பாதுகாப்பு இணைப்பைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, தக்க கையுறையுடன்தான் தொடுவார்.

விற்றேயாக வேண்டிய நிலை வந்தால்? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் ஈரம் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். இரவல் சார்ஜில் காரை எழுப்பிக் காட்டி விற்பது அந்த ஈரத்தை அடியில் மறைப்பதுதான். இல்லாத நோயைச் சொல்லி ஒரு பெண்ணிடம் குறைந்த விலைக்கு வாங்க முனைவதை அதன் மறுபக்கம் என்றே நான் கருதுகிறேன்.

சகோதரி, ஊரிலுள்ள பாட்டரிக் கடை ஒன்றில் சுமைச் சோதனை செய்து, அவர்கள் சொல்லும் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் படமெடுத்து ரியாத்துக்கு அனுப்புங்கள். அதுவரை தரகருக்குப் பதில் சொல்ல வேண்டாம். புதிய பாட்டரி மாட்டிய பிறகும் இரண்டே வாரத்தில் அது வறண்டுவிட்டால், எந்தப் பியூஸைக் கழற்றினால் மின்கசிவு நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அப்படியானால் மீண்டும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.