அடியில் ஒரு சாய்வு

ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றால்தான் கொத்தனாருக்கு நிம்மதி. அஸ்திவாரம் மட்டமாக இருக்க வேண்டும் என்பது சமவெளியின் சட்டம். மலைச்சாலைகளில் அதற்கு விதிவிலக்கு உண்டு. மண்ணைத் தடுத்து நிறுத்தும் சுவர்களின் அடியை, வேண்டுமென்றே மலைப்பக்கம் தாழ்த்திச் சாய்வாகப் போடுகிறார்கள்.

காரணம் இருக்கிறது. வீட்டின் சுமை நேராகக் கீழே இறங்குகிறது. தடுப்புச் சுவரையோ பின்னாலுள்ள மண் பக்கவாட்டில் தள்ளுகிறது. எடையும் தள்ளலும் சேர்ந்து சுமை சாய்வாக இறங்குகிறது. அடியும் சாய்ந்திருந்தால் சுவர் எளிதில் வழுக்காது; வழுக்க வேண்டுமானால் மேடேற வேண்டும்.

மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1943-ல் டெர்சாகி தந்த சூத்திரம் மட்டமான அடிக்கானது. சாய்ந்த அடிக்கான காரணிகளை 1970-ல் டென்மார்க்கின் பிரிங்க் ஹான்சனும், பின்னர் வெசிச்சும் சேர்த்தார்கள். உராய்வுக் கோணம் 30 டிகிரி உள்ள மணல்; அதன்மேல் நீண்ட அடித்தளம். வெசிச் கணக்குப்படி, அடியை 10 டிகிரி சாய்த்ததற்காக மட்டும் தாங்குதிறனில் 19 சதவீதம் போகிறது. ஆனால் லாபம் அதைவிடப் பெரிது. நேர்ச் சுமையில் 100 பங்கு தாங்கும் அந்த மண், 20 டிகிரி சாய்ந்த சுமையில் 26 பங்குதான் தாங்கும். அடியைச் சாய்த்தால் அது 45 ஆகிறது, 19 சதவீதக் கழிவுக்குப் பிறகும்.

சுவருக்கு நல்லதான இந்தச் சாய்வு வீட்டுக்கு ஆகாது. மலைச்சரிவின் போக்கிலேயே தூணின் அடியை வைத்தால், வீட்டின் எடையே அதைப் பள்ளத்தை நோக்கி நகர்த்தப் பார்க்கும். படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மட்டமாக வைப்பதே முறை. அப்போதும் முன்னால் தரை 15 டிகிரி சரிந்திருந்தால், அதே மணலில் தாங்குதிறன் 54 சதவீதமாகக் குறைகிறது. சமவெளியின் கணக்கை மலைக்குக் கொண்டுபோனால் பாதி மண் காணாமல் போகிறது.

2023 ஆகஸ்ட் மழையில் சிம்லாவில் கட்டடங்கள் சரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஒவ்வொரு சரிவுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் மலையில் வீடு வாங்குகிறவர் எத்தனை மாடி, எந்தப் பக்கம் ஜன்னல் என்று விசாரிக்கிறார். அடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதில்லை. கான்கிரீட் விழுந்த பிறகு அதைப் பார்க்கவும் முடியாது. கேட்க வேண்டிய நேரம், குழி திறந்திருக்கும் அந்தச் சில நாட்கள்தான்.