ஆட்சிக்குழு: உரிமையா, அமானிதமா?

கல்லூரியொன்றின் சிறப்பைக் கணிக்க விழைவோர் அதன் தேர்வு முடிவுகளைப் பார்ப்பர். பேராசிரியர்தம் பட்டங்களை எண்ணுவர். நூலகத்தையும் ஆய்வுக்கூடங்களையும் சுற்றி வருவர். ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கூட்டம் நிகழும் ஓர் அறையை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆட்சிக்குழு கூடும் அறை அது. அங்குக் கேட்கப்படும் வினாக்களும், கேட்கப்படாமலே விடப்படும் வினாக்களும் பத்தாண்டுகள் கழித்துக் கல்லூரியின் முகத்தில் தெரியும்.

இலக்கியம் பேச வேண்டிய தமிழ்த்துறை மலரில் நிருவாகம் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், நிருவாகக் குழுவைச் சுட்டும் 'வாரியம்' என்னும் சொல்லே நம் கல்வெட்டுத் தமிழ் நமக்கு அளித்த கொடையன்றோ? எனவே இப்பொருளில் ஓரிரு கருத்துகளை முன்வைக்கத் தமிழ் பயில்வோராகிய நமக்கும் உரிமை உண்டு.

முன்னோர் விட்டுச் சென்றது

தமிழகத்து முஸ்லிம்கள் நிறுவிய கல்லூரிகளின் வரலாறு பெருமிதத்திற்குரியது. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1902-இல் அமைந்த தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியைக் கண்டது. அதே ஆண்டில் திருச்சியில் ஹாஜி ஜமால் முகமது சாகிப், ஜனாப் காஜாமியான் ராவுத்தர் ஆகிய இருபெரும் வள்ளல்களின் கொடையால் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. 1955-இல் அதிராம்பட்டினமும், 1956-இல் உத்தமபாளையமும் கல்லூரி பெற்றன. நீதிபதி பஷீர் அகமது சயீது அவர்கள் 1955-இல் சென்னையில் மகளிர்க்கெனவே ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள்.

இவற்றை எழுப்பியோர் வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வழங்கியவர்கள். எதற்காகக் கொடுத்தோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. இன்று அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் அவ்விருக்கைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு வந்து சேர்ந்திருப்பது சொத்தா, பொறுப்பா? நம் கல்லூரிகளின் எதிர்காலம் இந்த ஒரு வினாவிற்கான விடையில் அடங்கியிருக்கின்றது என்பது நம் துணிபு.

மார்க்கம் இதற்கு விடை சொல்லாமல் விடவில்லை. வக்ஃபு செய்யப்பட்ட பொருள் கொடுத்தவருக்கும் சொந்தமன்று. காக்கும் முத்தவல்லிக்கும் சொந்தமன்று. முத்தவல்லி அமானிதம் காப்பவர்; கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் அரசுப்பணி முடிந்து தம் சொந்தச் செய்தி பேசத் தொடங்கியதும் அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்தார்கள் என்னும் செய்தியை நாம் மேடைதோறும் கேட்டிருக்கின்றோம். அந்த விளக்கைக் கல்லூரி ஆட்சிக்குழுவின் அறையிலும் ஏற்றிவைத்துப் பார்க்க வேண்டும்.

உரிமை பெரிதெனின் கடமையும் பெரிது

அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை அளித்துள்ளது. முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறுபான்மை நிருவாகத்தினுடையதே என்பதை உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உறுதி செய்தது. இவ்வுரிமைகளை நாம் விழிப்புடன் காத்து வருகின்றோம், காக்கவும் வேண்டும்.

ஆயின் அதே நீதிமன்றம் 1958-இல், கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிருவகிக்கும் உரிமையாகாது என்று தெளிவுபடுத்தியதை நாம் மேடைகளில் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. புறத்தார் தலையீடு குறைவாக உள்ள இடத்தில் அகத்தார் கண்காணிப்பு மிகுதியாக இருத்தல் வேண்டும். வேலி இல்லாத தோட்டத்திற்குக் காவலாளி இருமடங்கு விழித்திருக்க வேண்டுமன்றோ?

உத்திரமேரூர் காட்டும் வழி

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பல வாரியங்கள் அங்கே இயங்கின. ஆனால் தேர்தல் நடந்தது என்பதைக் காட்டிலும், எவரெவர் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று அவ்வூரார் வகுத்த விதிகளே நம் சிந்தனைக்குரியன.

வாரியத்தின் காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரும் எழுபது கடந்தவரும் ஆகார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் ஆகார். அவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் ஆகார். அவ்வுறவினர் இன்னின்னார் என்று பட்டியலிட்டே கல்லில் வெட்டி வைத்தனர்.

அது அந்தணர் ஊர்ச்சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், பதவியில் நீடித்திருப்பது தீங்கு, கணக்குக் காட்டாமை குற்றம், உறவினர் வழியே பதவி கைமாறுவது கேடு என்னும் மூன்று உண்மைகளை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தின் ஊரொன்று உணர்ந்திருந்தது. இன்று எத்தனை கல்லூரிகளின் விதிநூல்களில் இம்மூன்றும் இடம்பெற்றுள்ளன?

இருவகைப் பிழைகள்

ஆட்சிக்குழுக்கள் இழைக்கும் பிழைகள் இருவகைப்படும். ஒன்று, கேட்க வேண்டியதைக் கேளாமை. மற்றொன்று, செய்ய வேண்டாததைச் செய்தல்.

நாம் அறிந்த கல்லூரியொன்றின் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஆசிரியர் சார்பாளராக அமர்ந்திருக்கும் வாய்ப்பு ஒருமுறை நமக்குக் கிட்டியது. நுழைவாயில் வளைவின் உயரம் பற்றியும், அதில் எவரெவர் பெயர் பொறிப்பது என்பது பற்றியும் ஒரு மணி நேரத்திற்கு மேல் விவாதம் நிகழ்ந்தது. முதலாண்டு மாணவருள் பலர் இடையிலேயே படிப்பை விட்டுச் செல்கின்றனர் என்னும் முதல்வரின் அறிக்கை இறுதியில் வந்தது. மதிய உணவு ஆறிக்கொண்டிருந்தது. 'பதிவு செய்யப்பட்டது' என்னும் இரு சொற்களோடு அஃது முடிந்தது. படிப்பை விட்டவர் யாவர், கட்டணம் கட்ட இயலாமையாலா, ஆங்கிலம் விளங்காமையாலா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

இரண்டாம் வகைப் பிழையும் அரிதன்று. எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்த மாணவனுக்கு எந்தப் பிரிவு, அலுவலகத்தில் எவர் எங்கே அமர்வது என்பவற்றையெல்லாம் செயலாளர் அறையே முடிவு செய்யுமாயின், முதல்வர் அறை வெறும் கையொப்ப அறையாகிவிடும். முதல்வரைத் தேரும் உரிமைக்காக நீதிமன்றம் வரை செல்லும் நாம், தேர்ந்த முதல்வரைப் பணியாற்ற விடாமல் தடுப்பது முரணன்றோ? ஆராய்ந்து தெளிந்தபின் அவ்வினையை அவனிடமே விடுக என்பது வள்ளுவர் நமக்குக் கற்பித்த ஆட்சிமுறை.

அயல்நாட்டுப் படிப்பினையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட தொழிற்கல்வி, மேற்படிப்புக் கல்லூரிகள் 1993 ஏப்ரல் முதல் நாளில் உள்ளாட்சி மன்றங்களின் பிடியினின்று விடுபட்டுத் தனித்த ஆட்சிக்குழுக்களின் கீழ் வந்தன. கல்லூரியின் கல்விநோக்கையும் நிதிநிலையையும் காப்பது குழுவின் கடமை. அன்றாட நிருவாகம் முதல்வர் கடமை என்று விதிகளிலேயே எல்லை வகுத்தனர். குழுவில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடமளித்தனர். அவ்வளவு இருந்தும், 2019 மே மாதத்தில் கென்ட் பகுதிக் கல்லூரியொன்று கடன் சுமையால் தனி நிருவாகியின் கைக்குப் போயிற்று. புதிய சட்டத்தின்கீழ் அந்நிலைக்கு ஆளான முதல் கல்லூரி அதுவே. விதி எழுதுதல் எளிது. அவ்விதியின்படி எழுந்து நின்று வினவும் நெஞ்சுரமே அரிது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்னும் குறட்கருத்து மன்னர்க்கு மட்டுமா உரியது?

செய்யத் தக்கன

'பணம் கொடுத்தவர் நாங்கள். எங்களைக் கேட்க நீங்கள் யார்?' என்பார் உளர். கொடுத்தவர் பெயர் என்றும் நிலைக்கட்டும். கட்டடங்கள் அப்பெயரைத் தாங்கட்டும். எனினும் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த பொருளின்மீது மீண்டும் உரிமை கொண்டாடுதல் கொடையின் நன்மையையே குறைத்துவிடும் அன்றோ? 'ஊதியமின்றி உழைக்கும் எங்களுக்கு இத்தனை விதிகளா?' என்று வருந்துவாரும் உளர். அவர்தம் உழைப்பை நாம் அறிவோம். ஏழை மாணவர் கட்டணத்திற்காகக் கடைவீதியில் நன்கொடை திரட்டியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். விதிகள் அவர்களைக் குறைகூற வந்தவையல்ல; அவர்தம் நற்பெயரைக் காக்க வந்தவை.

ஆட்சிக்குழு உறுப்பினர் பதவிக்குக் கால வரையறை வேண்டும். கல்வி, கணக்கு, சட்டம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் நன்கறிந்தோர் குழுவில் சரிபாதியாகவாவது இருத்தல் வேண்டும். உறுப்பினரின் உறவினர்க்குப் பணியோ, ஒப்பந்தமோ அளிப்பது பற்றிய பொருள் வருமாயின் அவ்வுறுப்பினர் எழுந்து வெளியே செல்லும் மரபு நிலைபெற வேண்டும். கூட்டப் பொருளும் கணக்கும் ஒரு வாரம் முன்னரே உறுப்பினர் கைக்குச் சேர வேண்டும். கட்டடம் பற்றிய பொருள் கடைசியிலும், மாணவர் பற்றிய பொருள் முதலிலும் வரவேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த நெறிமுறைகள், முதல்வரையும் மூத்த ஆசிரியர் இருவரையும் ஆட்சிக்குழுவில் சேர்த்திருந்தன. அவர்கள் அங்கே அமர்ந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லாமல் முடிப்பது முறையாகாது. நம் கல்லூரிகளில் இன்று மாணவியர் பெருமளவில் பயில்கின்றனர். விடுதி, பேருந்து, தொழுகையிடம், பாதுகாப்பு என அவர்க்குரிய செய்திகள் அனைத்தையும் ஆடவர் மட்டுமே அமர்ந்து முடிவு செய்யும் குழு, பாதியைக் கண்டு மீதியைக் காணாத குழுவாகும். பெண் கல்விக்காகவே கல்லூரி கண்ட சமுதாயம், கற்ற பெண்களுக்கு ஆட்சிக்குழுவில் ஓர் இருக்கை தரத் தயங்கலாமா?

திருமறையின் 42-ஆவது அத்தியாயம் 'ஷூரா' என்னும் பெயர் பெற்றுள்ளது. கலந்தாலோசித்தல் என்பது அதன் பொருள். ஆலோசனை என்பது ஒருவர் சொல்லப் பிறர் தலையசைப்பதாகாது. அந்த அறையில் ஒருவரேனும் எழுந்து, "அந்தப் பிள்ளைகள் ஏன் படிப்பை விட்டுப் போனார்கள்?" என்று கேட்க வேண்டும். அன்றுதான் முன்னோர் நட்ட மரத்தின் நிழலில் நாம் அமர்ந்திருப்பதற்குப் பொருள் உண்டாகும். அத்தகைய நெஞ்சுரத்தை நம் அனைவர்க்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.