ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்குமுன் வயசைப் பாருங்கள்

சகோதரிகளே, இந்தத் தடவை என் மாமியார் கதையைச் சொல்லப் போகிறேன். சண்டைக் கதை இல்லை, பயப்படாதீர்கள்!

அத்தைக்கு அப்போது 78 வயசு. கொடுமுடியில் ஆடிப் பதினெட்டு என்றால், விடியுமுன்னே காவிரிப் படித்துறையில் முதல் ஆளாக நிற்பவர். அந்த வருஷம் முழுகிவிட்டுப் படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினார். ஈரோட்டுக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்ததுமே, "வால்வுல சத்தம் கேக்குதுங்க" என்று எக்கோவும் ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் என்.டி. புரோ பி.என்.பி.

லேபிலிருந்து சீட்டு வந்தது. அத்தையின் எண் 612. பக்கத்திலேயே, 125-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். அவ்வளவுதான்! ஐந்து மடங்கா என்று என் வீட்டுக்காரர் வெளிறிப் போனார். நாத்தனாருக்குப் போன் பறந்தது. அத்தையோ, "ஏங் கண்ணு, என்ற கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்க, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்த 125 எழுபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குங்க. அதுக்கு மேல 450 வரைக்கும் சாதாரணம்தான். அம்மாவுக்குக் கொஞ்சம்தான் கூட இருக்குது."

வயசுக்கு ஒரு கணக்கா? விளக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகிற வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. வயசாக வயசாகச் சிலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து, வாய் குறுகிவிடும். காலிங்கராயன் வாய்க்காலில் மதகு பாதி அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் முட்டுமே, அதே மாதிரி ரத்தம் முட்டும். இதயத் தசை முக்கித் தள்ள வேண்டியிருக்கும். அப்படி அழுத்தம் தாங்கும் தசை, ஒரு பொருளை ரத்தத்தில் விடுகிறது. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி, இதயத்தின் பாரத்தைக் குறைக்கத்தான். 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை முதலில் கண்டெடுத்தது பன்றியின் மூளையில்! அதை மிகுதியாகச் சுரப்பது இதயம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வால்வில் கோளாறே இல்லாவிட்டாலும் வயசோடு இந்த எண் ஏறும். இதயத் தசை விறைப்பாகிறது. இந்தப் பொருளை வெளியேற்றும் சிறுநீரகமும் தளர்கிறது. ஆண்களைவிட நம் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்கோ குறைத்துக் காட்டும்!

திடீரென்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. இதயம் தளர்ந்ததுதான் காரணம் என்று சொல்ல, 50 வயசுக்குக் கீழே 450-ஐத் தாண்ட வேண்டும். 50-லிருந்து 75 வரை 900. அதற்கு மேல் 1,800. ஒரே எண் மகளுக்கு ஆபத்து, பாட்டிக்கு அப்படி இல்லை என்று ஆகிறதல்லவா?

அத்தைக்கு எக்கோவில் வால்வு நடுத்தரமாகக் குறுகியிருப்பது தெரிந்தது. "வருஷா வருஷம் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. நிம்மதியாக வீடு திரும்பினோம்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். "வயசுக்கு இது சகஜம்" என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷப் பரிசோதனை தள்ளிப் போயிற்று. அத்தை படித்துறைக்குப் போவதை நிறுத்தினார், வயசு என்றேன். சந்தைக்குப் போவதை நிறுத்தினார். அதற்கும் வயசு என்றேன். ஒரு நாள் என் மகள், "ஏம்மா, அப்பத்தா இப்பெல்லாம் ரெண்டு தலகாணி வெச்சுத்தான படுக்குது?" என்றாள். சுருக்கென்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஒன்றரை வருஷம் கழித்து எடுத்த எண் 1,860. எழுபத்தைந்துக்கு மேல் என்று 450-ஐ வைத்துப் பார்த்தாலும் நாலு மடங்கு! இதை வயசின் தலையில் கட்ட முடியாது. எக்கோவில் வால்வு கடுமையாகக் குறுகியிருந்தது. கோயமுத்தூரில், நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைத்தார்கள். இப்போது அத்தை படித்துறையில் மேல்படியில் உட்கார்ந்து எங்களை அதட்டுகிறார்.

இளம் தாய்மார்களே, "இது கிழவிகள் சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் வயசுக் கணக்கு உண்டு. 5 முதல் 15 வயசுக்குள் வரும் ஒருவிதத் தொண்டைப்புண், கவனிக்காவிட்டால் சிலருக்கு மூட்டு வலி, காய்ச்சலாகி வால்வையே கெடுக்கும். அதற்கு ஏ.எஸ்.ஓ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. பெரியவர்களுக்கு 200-க்குள் என்று பல லேபுகளில் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இயல்பாகவே அதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து வால்வு நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் தொண்டைவலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

முந்தானையில் முடிந்துகொள்ள நாலு விஷயம்:

1. சீட்டில் அச்சடித்த அளவு எந்த வயசுக்கு என்று கேளுங்கள்.

2. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே லேபில் எடுத்து, அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் நல்லது.

3. வால்வைக் காட்டுவது எக்கோதான். ரத்தம் துணைச் சாட்சி மட்டுமே.

4. மூச்சு வாங்குவது, மயக்கம், நெஞ்சு இறுக்கம், கால் வீக்கம் இவற்றை வயசு என்று தள்ளாதீர்கள்.

வயசு எண்ணை ஏற்றும், உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் முன்பு செய்த எந்த வேலையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார் என்பதை எந்த லேப் சீட்டும் சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். என்ன, இன்றைக்கு ராத்திரி அத்தையின் தலையணையை எண்ணிப் பார்ப்பீர்கள்தானே?