போதைக்கு மருந்து எமது பிரதேச வைத்தியசாலையிலும் வேண்டும்

இடப்பெயர்வு எமது மக்களின் வயலையும் மாட்டையும் மட்டும் பறிக்கவில்லை. பிள்ளைகளின் தொழிலையும் நம்பிக்கையையும் சேர்த்தே பறித்தது. அந்த வெறுமைக்குள் இன்று ஹெரோயின் நுழைகிறது. நகை அடகுக்குப் போகிறது, காணி ஈட்டுக்குப் போகிறது. வெட்கத்தினால் வீட்டார் வாய் திறப்பதில்லை.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப வழிசெய்தது. பொலநறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையத்தை நாம் அறிவோம். 2022 யூனில் அங்கே நடந்த கலவரத்தில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அடைத்து வைத்தால் உடல் சில மாதங்களில் போதையைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். வீடு திரும்பியவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். தொடர்சிகிச்சை இல்லாத விடுதலை ஆபத்தானது.

வேறு வழி உண்டு. மெதடோன் நாளுக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து. புப்ரனோர்பின் நாவின் கீழ் வைக்கும் குளிசை. அளவோடு கொடுத்தால் இவை மயக்கம் தராமல், உடல் நோவையும் ஏக்கத்தையும் அடக்குகின்றன. மனிதன் மண்வெட்டி பிடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1996 முதல் சாதாரண குடும்ப வைத்தியர்களே புப்ரனோர்பின் கொடுத்தனர். 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கே போதை மிகையால் நேர்ந்த மரணங்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. உழவர் மாநிலமான பஞ்சாப் 2017இல் இதற்கென வெளிநோயாளர் கிளினிக்குகளைத் திறந்தது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்கிறார்கள். சீனி வருத்தக்காரர் தினமும் மருந்து எடுப்பதை யாரும் பழிப்பதில்லை. இதுவும் நாட்பட்ட நோயே. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தேவைப்படும். அவசரப்பட்டு நிறுத்தினால் பழையபடி விழுவார்கள்.

வெருகலில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ தினமும் திருகோணமலை நகருக்கு வந்துபோனால் கூலிக்காரனுக்கு நாட்கூலி மிஞ்சாது. ஆகவே பிரதேச வைத்தியசாலை வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். முதல் வாரங்களில் தாதியின் கண்முன் மருந்து கொடுக்கட்டும். நிலை சீரானபின் வீட்டுக்குக் கொடுக்கட்டும். மருந்துக்கு வருபவரின் பெயர் பொலிசுக்குப் போகக்கூடாது.

பெற்றோரே, பிள்ளையை அடித்துக் கட்டிவைக்காதீர்கள். கடையில் குளிசை வாங்கி நீங்களே வைத்தியம் பார்க்கவும் வேண்டாம். ஹெரோயின் உடலில் இருக்கையில் புப்ரனோர்பின் கொடுத்தால் நோவு கடுமையாகும். மதுவோடு மெதடோன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரிடம் போங்கள். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உரமும் விதைநெல்லும் கேட்கும் நாம் இந்த மருந்தையும் உரிமையோடு கேட்போம்.