பட்டா உண்டு, பாதை இல்லை

மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாக் கம்பத்தைத் திருப்ப, கீழே கூடத்திலிருந்து பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்... போதும் போதும்... ஐயோ, போயிடுச்சு!" என்று கத்தியதை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து வரும் தூர்தர்ஷனைப் புதுச்சேரியில் பிடிக்க உயரமான கம்பம், பூஸ்டர், கூடவே கொஞ்சம் கடவுள் கிருபையும் வேண்டியிருந்தது. சில இரவுகளில் கேட்காமலே இலங்கையின் ரூபவாஹினி வந்து நிற்கும்.

நமக்கு அது வேடிக்கை. அமெரிக்காவில் 1950களில் அதே தொல்லை பலருடைய முதலீட்டையும் தொழிலையும் விழுங்கிவிட்டது. சில மாதங்களாக அந்தக் கதையைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு, அதில் டி.வி.யைவிட அரசாங்கக் கோப்பு ஒன்றுதான் அதிகம் கண்ணில் பட்டது.

அமெரிக்காவில் ஒளிபரப்பு உரிமம் வழங்குவது எஃப்.சி.சி. என்னும் ஆணையம். போருக்குப் பிறகு டி.வி. நிலையங்கள் பெருகி, ஒன்றின் அலை இன்னொன்றின் மேல் ஏறத் தொடங்கியது. அதனால் 1948 செப்டம்பரில் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தார்கள். சில மாதங்களுக்கு என்று சொன்ன நிறுத்தம் 1952 ஏப்ரல் வரை நீண்டது. ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த 108 நிலையங்கள் மட்டும் அந்த நாட்களில் போட்டியின்றி வளர்ந்தன. அவை எல்லாமே வி.எச்.எஃப். அலைவரிசையில், 2 முதல் 13 வரையுள்ள சானல்களில் இருந்தவை. மக்கள் வாங்கிய டி.வி. பெட்டிகளும் அந்தப் பன்னிரண்டு சானல்களை மட்டுமே பிடித்தன.

1952இல் தடை நீங்கியபோது, 14 முதல் 83 வரை எழுபது புதிய சானல்களை ஆணையம் திறந்துவிட்டது. இவை யு.எச்.எஃப். சிறு நகரங்களுக்கும் சொந்த நிலையம் கிடைக்கும், கல்விக்கென்று 242 இடங்கள் ஒதுக்கப்படும் என்றெல்லாம் அறிவிப்பு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஊரில் ஒருவருக்கு வி.எச்.எஃப்., இன்னொருவருக்கு யு.எச்.எஃப். என்று கலந்து கொடுத்தார்கள். யு.எச்.எஃப். பிடிக்கும் பெட்டியைத்தான் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. அதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அலைவரிசைக் கோப்பு கையெழுத்தாகிவிட்டது. பெட்டிக் கோப்பை யாரும் திறக்கவே இல்லை.

புதிய நிலையத்துக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். கோபுரம் கட்டி, ஆள் வைத்து, ஒளிபரப்பும் தொடங்கிவிட்டார். ஊர் மக்கள் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொருவரும் கன்வர்ட்டர் ஒன்றும் தனி ஆண்டெனா ஒன்றும் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் படம் சுமார்தான். உத்தரவில் ஆயிரம் கிலோவாட் வரை அனுமதி இருந்தது. ஆனால் ஆரம்பத்தில் கடையில் கிடைத்த டிரான்ஸ்மிட்டரின் திறன் ஒரே கிலோவாட். ஆண்டெனாவால் அதைப் பல மடங்கு பெருக்கியும் பழைய நிலையங்களின் வீச்சு வரவில்லை. யு.எச்.எஃப். அலை குன்றைத் தாண்டி வளையாது, மர இலைகளிலேயே வலுவிழக்கும். மாடியிலிருந்து இறங்கும் தட்டை வயர் மழையில் நனைந்தால் படம் இன்னும் மங்கும்.

பார்ப்பவர் இல்லையென்றால் விளம்பரம் வராது. விளம்பரம் இல்லையென்றால் பெரிய நெட்வொர்க்குகள் நல்ல நிகழ்ச்சிகளைத் தராது. நல்ல நிகழ்ச்சி இல்லாத நிலையத்துக்காக யார் கன்வர்ட்டர் வாங்குவார்? இந்தச் சுழலில் சிக்கிப் பல நிலையங்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. நான்காவது நெட்வொர்க்காக இருந்த டூமான்ட்டுக்குப் பல ஊர்களில் யு.எச்.எஃப். நிலையங்களே கதி. அதுவும் 1956இல் ஓய்ந்தது.

"சந்தையில் தோற்றவன் திறமையில்லாதவன்" என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். பஃபலோ நகரில் சானல் 17ஐ வாங்கி நடத்தியது சாதாரண ஆளல்ல, என்.பி.சி. நெட்வொர்க். 1955இல் வாங்கி 1958இல் மூடிவிட்டது. மில்வாக்கியில் சானல் 19ஐ வாங்கிய சி.பி.எஸ். 1959இல் கைகழுவியது. பணமும் நிகழ்ச்சிகளும் நட்சத்திரங்களும் கையில் இருந்தவர்களாலேயே முடியவில்லை என்றால், குறை நடத்தியவர்களிடம் இல்லை.

தொழில்நுட்பமே சரியில்லை என்பார்கள் சிலர். அதுவும் பாதி உண்மைதான். ஒஹையோவில் யங்ஸ்டவுன், இண்டியானாவில் ஃபோர்ட் வேன், சவுத் பெண்ட் ஆகிய ஊர்களில் எல்லா நிலையங்களும் யு.எச்.எஃப்.பிலேயே இருந்தன. அங்கே மக்கள் அதற்கேற்ற பெட்டியை வாங்கினார்கள், நிலையங்களும் பிழைத்தன. நாட்டின் முதல் வணிக யு.எச்.எஃப். நிலையம் 1952 செப்டம்பரில் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் சானல் 27இல் தொடங்கியது. அதற்கு முன் அந்த ஊரில் டி.வி. நிலையமே கிடையாது, அதனால் வரவேற்பு அமோகம். அடுத்த ஆண்டே அங்கு வி.எச்.எஃப். வந்தது. 1957இல் அந்த முன்னோடியும் சானல் 27ஐ விட்டுவிட்டு வி.எச்.எஃப். சானல் 12க்குக் குடிபெயர்ந்தது. அதே கருவி, அதே அலை. மேட்டுக்காரனையும் பள்ளத்துக்காரனையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டதுதான் தவறு.

இது 1954லேயே தெரிந்துவிட்டது. செனட்டர் சார்லஸ் பாட்டர் தலைமையில் ஒரு துணைக்குழு விசாரணை நடத்தியது. எல்லா சானலும் பிடிக்கும் பெட்டிகளுக்கு மட்டுமாவது பத்து சதவீத வரியை நீக்குங்கள், தயாரிப்பாளர்கள் தாமே முன்வருவார்கள் என்று கேட்டார்கள். நடக்கவில்லை. கடைசியில் 1962 ஜூலையில் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் வந்தது. 1964 ஏப்ரல் 30 முதல் தயாராகும் எல்லாப் பெட்டிகளும் எல்லா சானல்களையும் பிடிக்க வேண்டும் என்றது அது. உரிமம் கொடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! அப்போதும் யு.எச்.எஃப். திருகியைப் பழைய ரேடியோ போலத் தடவித் தடவித்தான் பிடிக்க வேண்டும். மற்ற சானல்களைப் போல அதுவும் 'டக்' என்று விழ வேண்டும் என்ற கட்டாயம் 1970களில்தான் வந்தது.

அதே 1964 ஏப்ரலில் பிரான்சின் இரண்டாவது சானலும் பிரிட்டனின் பி.பி.சி.2ம் யு.எச்.எஃப்.பில்தான் பிறந்தன. அப்போது எனக்குப் பள்ளிப் பருவம், பிரெஞ்சுப் பாடம். விடுமுறைக்கு ஊர் வந்த சொல்தா மாமா ஒருவர், புது சானலுக்காகப் பாரிசில் வேறு ஆண்டெனா வாங்கவேண்டி வந்ததைப் பற்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புலம்பியது நினைவிருக்கிறது. அங்கும் சிரமம் இருந்தது, செலவு இருந்தது. ஆனால் புது சானலை நடத்தியவர்கள் பழைய சானலை நடத்தியவர்களே. பிறகு பழையதையும் படிப்படியாக யு.எச்.எஃப்.புக்கே கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஒரே தெருவுக்குக் குடிவந்ததால் யாரும் ஒதுக்குப்புறத்தில் நிற்கவில்லை.

அமெரிக்க யு.எச்.எஃப்.புக்கும் பிறகு நல்ல காலம் வந்தது. கேபிளில் எல்லா சானலும் சமம். டெட் டர்னர் 1970இல் அட்லாண்டாவில் வாங்கிய நொடித்த சானல் 17, 1976இல் செயற்கைக்கோள் ஏறி நாடெங்கும் தெரிந்தது. யாரும் சீண்டாத 70 முதல் 83 வரையுள்ள சானல்களைக் கைபேசிச் சேவைக்கு மாற்றினார்கள். 2017இல் மீதியிலும் ஒரு பகுதியை ஏலம் விட்டபோது கிடைத்தது 1,980 கோடி டாலர். நிலம் என்றைக்கும் மோசமாக இருக்கவில்லை. போக வழிதான் இல்லாமல் இருந்தது. 1954இல் கடையைச் சாத்தியவருக்கு 2017இன் ஏலத்தால் என்ன பயன்?

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், என் மனத்தில் ஒரு உறுத்தல் உண்டு. பணியில் இருந்தபோது வீடில்லாதவர்களுக்கு மனைப் பட்டா வழங்கும் உத்தரவுகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருமுறை கொடுத்த மனைகளுக்குப் போகப் பாதையே இல்லை. சுற்றிலும் அடுத்தவர் வயல். பட்டா வாங்கிய ஒரு அம்மா ஆறேழு முறை வந்து, "ஐயா, காகிதம் இருக்கு, காலை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். "அது வேற செக்ஷன்மா" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை, விதிப்படி அது வேறு செக்ஷன்தான். எங்கள் கணக்கில் அந்த அம்மா பயனாளி. ஆண்டறிக்கையிலும் அப்படித்தான் ஏறினார்.

எஃப்.சி.சி. எழுத்தர் ஒருவரும் எங்கோ ஒரு சிறு நகரத்து நிலையத்துக்காரரிடம் இதையேதான் சொல்லியிருப்பார்: பெட்டி விஷயம் எங்கள் செக்ஷன் இல்லை என்று.

அனுமதி கொடுப்பது அரசாங்கத்துக்குச் சுலபம், ஒரு கையெழுத்துப் போதும். அந்த அனுமதியை ஒரு மனிதன் பயன்படுத்த இன்னும் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவதுதான் உண்மையான வேலை. பட்டியல் போடாமல் கொடுத்துவிட்டு, தோற்றவனைப் பார்த்து "வாய்ப்புக் கொடுத்தோமே" என்று சொல்லக் கூடாது. இன்றும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்று திட்டங்கள் அறிவிக்கப்படும்போது, சிக்னல் இல்லாத ஊரில் கைபேசியை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மொட்டை மாடியில் ஆண்டெனா திருப்பிய நமக்கு அவர் கஷ்டம் புரியாதா என்ன?